அப்பாவைக் கூட்டிவரப் போனவள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது, என் குரலும் முன்போல் எட்டுவதில்லை. கைவேலை இருந்தால் எடுத்துக்கொண்டே வாருங்கள். தேங்காய் துருவிக்கொண்டு கேட்கலாம், கீரை ஆய்ந்துகொண்டும் கேட்கலாம். உமாஸி தன் அப்பாவைக் கூட்டிவரப் போன கதையை இன்றைக்குச் சொல்கிறேன். சிரிக்கிற இடம் வந்தால் சிரித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பின்னால் அழுகை வந்தால் என்னைத் திட்டவும் கூடாது.

உமாஸியின் அண்ணன் தோயா படுத்த படுக்கையாகி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. மனைவியை முன்பே மண்ணுக்குக் கொடுத்தவன். மகன் கெங்கா மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன், பொழுதுக்கும் சாலையில்தான் இருப்பான். அதனால் கணவன் இல்லாத உமாஸிதான் வந்து அண்ணனுக்குக் களி கிண்டிக் கொடுத்து, முதுகைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியர்கள் வந்தார்கள், போனார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். தோயாவுக்கு மட்டும் தன் நோய் என்னவென்று தெரியும். அப்பா கோபமாக இருக்கிறார், அவ்வளவுதான்.

அவர்களுடைய அப்பா முவாரோ சாதாரண ஆள் இல்லை. கோஹு என்கிற பெரியவர்கள் சபையில் உட்கார்ந்தவர். அந்தச் சபைப் பெரியவர்கள் செத்தால் மண்ணுக்குள் சும்மா கிடக்க மாட்டார்கள். வருஷம் சில போனதும் பிள்ளைகளின் கனவில் வந்து நிற்பார்கள். குளிருகிறது என்பார்கள், உடம்பில் துணி இல்லை என்பார்கள். அப்போது பிள்ளைகள் கரையான் தொடாத மரமாகப் பார்த்து வெட்டி, செதுக்குகிறவரைக் கூப்பிட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம் செய்ய வேண்டும். தட்டையான உடம்பு, உருண்டைத் தலை, கீறினாற்போல் கண்கள். மார்பிலிருந்து கால் வரை சின்னச் சின்ன முக்கோணங்களும் வட்டப் பூக்களும் வெட்டி, வெள்ளையும் சிவப்பும் கறுப்பும் பூசுவார்கள். அதற்குக் கிகாங்கோ என்று பெயர். வீட்டு முற்றத்தில் குழி தோண்டி நிறுத்திக் கள் ஊற்றிவிட்டால் அது மரமில்லை, அப்பாதான். துணி கட்டுவதும் பசியாற்றுவதும் வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் முதலில் போய்ச் சொல்வதும் அவரிடம்தான். ஒரு தடவை நட்டால் நட்டதுதான், அசைக்கக் கூடாது. குடும்பமே வேறு இடம் போனாலும் அவர் அங்கேயே நின்று காவல் காப்பார்.

தோயா குடும்பத்தோடு வேறு இடம்தான் போனான். பழைய இடத்தில் மண் செத்துவிட்டது, மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவில்லை. சாலையோரம் தண்ணீர்க் குழாய் வந்திருந்தது, பள்ளிக்கூடமும் வந்திருந்தது. ஆகவே சாலையோரம் குடிசை போட்டான். அப்பாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனான். அவ்வப்போது போய்க் கள்ளும் ஊற்றினான். ஒரு நாள் போனபோது அப்பா நின்ற இடத்தில், பல்லைப் பிடுங்கிய ஈறு மாதிரி, ஒரு குழி இருந்தது. குடும்பம் போனதால் கேட்பாரற்ற கம்பம் என்று நினைத்தார்களோ, தெரிந்தேதான் எடுத்தார்களோ. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் பல முற்றங்களில் அப்படிக் குழிகள் இருந்தன. கடலோர ஊர்களில் வெள்ளைக்காரர்கள் அவற்றை வாங்குகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

அன்றிலிருந்து தோயாவின் கனவில் அப்பா வர ஆரம்பித்தார். படுக்கையில் விழுந்த பிறகு வராத நாளே இல்லை.

"நேத்தும் வந்தாரு" என்பான், காலையில் உமாஸி முகம் துடைக்க வந்ததும்.

"என்ன சொன்னாரு?"

"என்னத்த சொல்வாரு. கண்ணாடி ரூமுக்குள்ள நிக்க வெச்சிருக்காங்களாம். ராவும் பகலும் லைட்டு எரியுதாம், கண்ண மூட முடியலியாம். ஜனங்க வந்து வந்து பாக்குறாங்களாம், ஒருத்தன் ஒரு சொட்டு ஊத்தலியாம்."

"நீ சாப்பிடு மொதல்ல."

"அவரு சாப்பிடலியே."

இப்படித்தான் பேச்சு முடியும். தோயா நாலு வாய் களிக்கு மேல் இறக்க மாட்டான்.

அந்த நாளில்தான் கெங்கா சாலையிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தான். வண்டியை நிறுத்தும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

"அத்தே, கம்பங்க திரும்பி வந்திருக்காம். கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பெட்டி பெட்டியா அனுப்பிச்சிருக்காங்க. சந்தை ஊரு சர்க்கார் ஆபீஸ் முத்தத்துல போட்டு வெச்சிருக்காங்களாம். சொந்தக்காரங்க வந்து அடையாளம் சொன்னா எடுத்துட்டுப் போலாமாம்."

தோயா எழுந்து உட்காரப் பார்த்தான். கை நழுவி மறுபடி சாய்ந்தான். ஆனால் முகத்தில் வெகு நாளைக்கப்புறம் பழைய தோயா தெரிந்தான்.

"உமாஸி, நீ போ. அவரச் செதுக்கினப்ப நான் மொம்பாசா துறைமுகத்துல மூட்ட தூக்கிட்டிருந்தேன். பக்கத்துலயே குந்திப் பாத்தவ நீதான். போய்க் கூட்டியா."

"அது எந்தக் கம்பமோ, யாரோடதோ அண்ணே."

"அவருதான் வந்திருக்காரு. இல்லன்னா நான் இத்தன நாளு உசிரோட கெடப்பேனா? அவர நட்டுட்டா நான் நிம்மதியாப் போய்ச் சேருவேன். நடாமப் போனா அங்க போயி அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன், சொல்லு."

உமாஸி கெங்காவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள்.

ஆபீஸ் முற்றத்தில் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்துக் கம்பங்களைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் பாதத்திலும் சீட்டு ஒட்டியிருந்தது. நிற்க வேண்டியவர்கள் படுத்துக் கிடப்பதைப் பார்க்க உமாஸிக்குப் பொறுக்கவில்லை. ஆபீஸ் பெண் நல்லவள், இளவயசு, நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"நிதானமாப் பாருங்கம்மா. அவசரமில்ல. நாளைக்கு வர்றவங்களும் இருக்காங்க."

உமாஸி ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தாள். முதலாமவர் யாரோ வடக்குப் பக்கத்துக்காரர், வெட்டு வேறு மாதிரி. அடுத்தவருக்குத் தலை இல்லை. அதற்கடுத்தவர் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். வட்டப் பூவைச் சுற்றி இரட்டைக் கோடு. அது கரிசாவின் கை. அப்பாவைச் செதுக்கிய அதே கரிசா.

மண்டியிட்டு உட்கார்ந்து கம்பத்தின் இடது இடுப்பைத் தடவினாள். அப்பாவின் கம்பத்தில் அந்த இடத்தில் மரத்தின் கணு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். முக்கோண வரிசை அந்தக் கணுவைச் சுற்றி வளைந்துதான் போகும். வேறு மரம் பார்க்கட்டுமா என்று கரிசா கேட்டபோது, "வேணாம், அவனும் அந்த இடுப்ப இழுத்துக்கிட்டுத்தான் நடந்தான், அப்படியே இருக்கட்டும்" என்று சித்தப்பா சொன்னது உமாஸிக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கைக்குக் கணு அகப்படவில்லை. இடுப்பு வழவழவென்று இருந்தது.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், உளி வழுக்கிய சின்ன வெட்டு. உமாஸிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கோனா. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஞேவுவின் கணவன். கோனாவைச் செதுக்கி முடிக்கிற நேரத்தில் உளி வழுக்கியதும் ஞேவு கரிசாவோடு போட்ட சண்டையை ஊரே நின்று பார்த்தது. "உசிரோட இருந்தப்ப எம்புருசன் மூஞ்சியில ஒரு கீறல் இல்ல, செத்தப்புறம் நீ கீறிட்டியேய்யா" என்று அவள் கத்த, "உன்னோட குடும்பம் நடத்தியும் கீறலில்லாம இருந்தானா? அதிசயந்தான்" என்று கரிசா சொல்ல, ஞேவுவே சிரித்துவிட்டாள்.

மிச்சமிருந்தவர்களையும் உமாஸி பார்த்தாள். அப்பா அங்கே இல்லை.

எழுந்து நின்றாள். வெயில் ஏறியிருந்தது. வீட்டில் அண்ணன் கண் வாசலிலேயே இருக்கும். வெறுங்கையோடு போய் நின்றால் அந்தக் கண் அப்படியே நின்றுபோகும். ஞேவுவுக்கோ கண் தெரியாது, வெள்ளை படர்ந்து வருஷமாகிறது. சேதி அவள் காதுக்குப் போனதோ என்னவோ. போயிருந்தாலும் பள்ளம் ஏறி யார் கூட்டி வருவார்கள்? மரம் ஒன்று, கை ஒன்று. அண்ணன் அப்பாவைப் பார்த்ததெல்லாம் துணி கட்டிய பிறகுதான். யாருக்குத் தெரியப் போகிறது?

"இதுதான்" என்றாள்.

"நிச்சயமா தெரியுமாம்மா?" என்றாள் ஆபீஸ் பெண், மெதுவாக.

"பெத்த அப்பன மகளுக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் தலை குனிந்து, மன்னிக்கணும் என்றாள். உமாஸிக்கு அந்த மன்னிப்பு நெருப்பாக இருந்தது.

கம்பளியில் சுற்றிக் கயிறு கட்டிச் சின்ன லாரியில் ஏற்றியாகிவிட்டது. உமாஸி பின்பக்கம் ஏறிக் கம்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெங்கா டிரைவரோடு வழி பேசிக்கொண்டிருந்தான். அப்போது முற்றத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஞேவு. வண்டிக்காரன் தோளைப் பிடித்து இறங்கி, குச்சியைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

ஞேவுவின் குலத்துக்கும் உமாஸியின் குலத்துக்கும் கேலி முறை. பார்த்தால் திட்டிக்கொள்ள வேண்டும், அது மரியாதை. சாவு வீட்டில்கூட கேலி முறைக்காரர்கள் வந்து சிரிக்க வைத்தால்தான் பிணம் கிளம்பும். ஞேவு கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி திட்டாத சந்தை நாள் கிடையாது.

"என்னடா இது, ஆபீஸ்ல கருவாடு காயப் போட்டிருக்காங்களா? இல்ல, உமாஸி வந்திருக்காளா?" என்றாள் ஞேவு, மூக்கைச் சுளித்துக்கொண்டு.

உமாஸியால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "கண்ணு போயும் மூக்கு போகலியே உனக்கு."

"கண்ணு போனது புண்ணியம்டி. உன் மூஞ்சிய இனிமே பாக்க வேணாம்ல? உங்கப்பன் கெடச்சானா?"

"கெடச்சாரு."

ஞேவு குச்சியை ஊன்றி அப்படியே நின்றாள். அவள் முகம் மலர்ந்ததை உமாஸி பார்த்தாள். பொய்யே இல்லாத சந்தோஷம்.

"கெடச்சிட்டானா கெழவன். தோயாவுக்கு உசிரு வந்திருக்குமே. எங்க, ஒரு தட்டு தட்டிட்டுப் போறேன். என்னக் கண்டா எச்சில் துப்பிட்டுப் போவானே, இப்ப துப்பட்டும் பாப்போம்." லாரியின் விளிம்பில் கை வைத்துவிட்டாள்.

"கட்டியாச்சு ஞேவு" என்றாள் உமாஸி. கம்பளியின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். "அவுத்தா மறுபடி கட்ட ஆளில்ல."

"சரி போ. எம்பேரச் சொல்லி ஒரு வாய் ஊத்து." திரும்பி வேப்பமரத்தை நோக்கி நடந்தாள். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை, டீ குடிக்கப் போயிருந்தான். உமாஸி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஞேவு தார்ப்பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பத்தின் முகத்தையும் குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல் விரலால் தேடினாள். கன்னம் கன்னமாகத் தேடினாள். கடைசிக் கம்பத்தைத் தேடி முடித்தவள், மறுபடி முதல் கம்பத்திலிருந்து ஆரம்பித்தாள்.

திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

"எங்காளு வரல. உசிரோட இருந்தப்பவே சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேந்ததில்ல, இப்ப மட்டும் வந்துருவானாக்கும்." குச்சியால் லாரியைத் தட்டினாள். "உமாஸி, உங்கப்பன் இன்னிக்குக் கனவுல வந்தா கேளுடி. ஒரே சமயத்துல தூக்கிட்டுப் போனவங்கதான? எங்காளு எங்க நிக்கிறான், நல்லா இருக்கானான்னு ஒரு வார்த்த கேளு."

"கேக்குறேன்" என்றாள் உமாஸி.

வீட்டில் தோயா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எப்படி எழுந்தான், யார் தூக்கிவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பத்தைத் தன் கட்டில் பக்கத்தில் பாயில் படுக்க வைக்கச் சொன்னான். விடிந்தால் பழைய முற்றத்தில் நடுவது என்று சபைப் பெரியவர் செங்கோவுக்கு ஆள் போயிற்று. தோயா அன்றைக்கு ஒரு தட்டுக் களியும் தேங்காய்ப்பால் ஊற்றிய மரவள்ளிக் கீரையும் முழுசாகச் சாப்பிட்டான். விரலை வழித்து நக்கினான். கெங்கா வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

பிறகு தோயா பேச ஆரம்பித்தான், கம்பத்தோடு.

"தப்புதான்ப்பா. விட்டுட்டு வந்தது தப்புதான். ஆனா பாரு, இந்தக் கெங்கா பயலப் படிக்க வெக்கணும்ல? படிச்சுக் கிழிச்சான், அது வேற." தலையைத் தடவினான், முகத்தைத் தடவினான். விரல் கன்னத்தில் நின்றது. "உமாஸி, இங்க பாரு. எவனோ அடிச்சிருக்கான். கன்னத்துல வெட்டு விழுந்திருக்கு."

உமாஸி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ கஷ்டப்பட்டீங்களோ" என்றான் தோயா கம்பத்திடம். அந்த வெட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே தூங்கிப் போனான். அவன் குறட்டை விட்டுத் தூங்கி அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம், கண்ணுகளா. நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உமாஸியும் அப்படியே முடிவு செய்துதான் விடிகாலையில் எழுந்தாள். சாகப் போகிற மனுஷனுக்கு ஒரு பொய் என்ன பெரிய பாவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தள்ளுவண்டியில் மெத்தை போட்டுத் தோயாவைப் படுக்க வைத்து, பின்னால் கம்பத்தைத் தோளில் சுமந்து பழைய முற்றத்துக்குப் போனார்கள். புல் இடுப்பளவு நின்றது. பழைய குழியின் பக்கத்திலேயே புதுக் குழி தோண்டியாயிற்று. செங்கோவும் சபைப் பெரியவர்களும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தோயா மடியிலிருந்து சிவப்பு, வெள்ளை, கறுப்புத் துணிகளை எடுத்து வைத்தான். அப்பாவுக்கென்று எப்போதோ வாங்கித் தலையணைக்கடியில் பத்திரப்படுத்தியவை.

கம்பத்தைக் குழியில் இறக்கும்முன் ஒரு வாய் கள் ஊற்றிப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி இறக்கிவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது. செங்கோ சுரைக்குடுவையை உமாஸியிடம் நீட்டினார்.

"மகதான் கூட்டிட்டு வந்தா. மகளே கூப்பிடட்டும்."

உமாஸி குடுவையை வாங்கிக்கொண்டாள். கம்பத்தின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். கள் சாய்ந்து சிந்தியது. பெயர் வரவில்லை. வாயைத் திறந்தால், முகம் முகமாகத் தேடிக்கொண்டு தார்ப்பாயில் உட்கார்ந்திருந்த ஞேவுதான் தெரிந்தாள். இப்போது பெயர் சொல்லி இறக்கிவிட்டால், கோனா தன் வீட்டைப் பார்க்கிற தூரத்தில், அடுத்தவன் பெயரைச் சுமந்துகொண்டு, காலமெல்லாம் நிற்க வேண்டும். ஞேவு இந்த முற்றத்துக்கு வந்து, தன் புருஷனுக்கே வேறொருத்தன் பெயரைச் சொல்லிக் கள் ஊற்றுவாள்.

"என்னடி, அப்பன் பேரு மறந்து போச்சா?" என்று ஒரு கிழவர் சிரித்தார்.

உமாஸி குடுவையைக் கீழே வைத்தாள். "இது அப்பா இல்ல" என்றாள்.

அவள் அண்ணனைப் பார்க்காமல் செங்கோவைப் பார்த்தே சொன்னாள். "ஞேவு வீட்டு கோனா. எனக்கு அங்கயே தெரியும். தெரிஞ்சேதான் கொண்டுவந்தேன்."

தோயா கத்திச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

"வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"அண்ணே..."

"இன்னும் எத்தன நாளு இருக்கப் போறேன் நானு? அதுவரைக்கும் மூடிட்டு இருக்க முடியலியா உன்னால? நேத்தே சொல்லியிருந்தா பசியோட கெடந்து செத்திருப்பேன். வயிறு நெறையச் சோத்தப் போட்டுட்டு இப்ப சொல்ற பாரு."

உமாஸி தரையில் உட்கார்ந்துவிட்டாள். செங்கோ கம்பத்தின் பக்கம் போய்க் கன்னத்தைப் பார்த்தார், தலையாட்டினார். "ஆமா, கோனாதான். கரிசா பண்ணின வேல." மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். தோயா படுத்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"கோனாகிட்டயா பேசிட்டிருந்தேன் ராத்திரி பூரா?" என்றான். சிரிப்பும் இருமலும் கலந்து வந்தது. "உசிரோட இருந்தப்ப அவன் என்ன ஒரு வார்த்த முழுசாப் பேச விட்டதில்ல. நேத்துதான் பொறுமையாக் கேட்டிருக்கான்." சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. துணிகளைக் கெங்காவிடம் நீட்டினான். "கட்டி விடு. பொண்டாட்டி முன்னால அம்மணமாப் போயி நிக்க வேணாம்."

"உங்கப்பாவுக்கு வாங்கினதுல்ல" என்றார் ஒருவர்.

"அவருக்குத்தான் ஒடம்பே இல்லியே" என்றான் தோயா.

செங்கோ உமாஸியைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். "குத்தத்துக்கு ஒரு ஆட்ட ஓட்டிக்கிட்டு நீயே முன்னால நட."

ஆட்டை முன்னால் விட்டுக்கொண்டு உமாஸி பள்ளம் இறங்கி ஏறினாள். பின்னால் நாலு பேர் கோனாவைச் சுமந்து வந்தார்கள். ஞேவு வாசலில் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும், "என்னடி நாத்தம்" என்று ஆரம்பித்தாள். உமாஸி அவள் கையைப் பிடித்துக் கம்பத்தின் கன்னத்தில் வைத்தாள்.

ஞேவுவின் விரல் அந்த வெட்டில் போய் நின்றது. நெற்றியைக் கம்பத்தின் நெற்றியோடு ஒட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளோ. பிறகு கேட்டாள், "நேத்து லாரில கட்டியாச்சுன்னு சொன்னியே, அது இவருதானா?"

"ஆமா."

கெட்ட வார்த்தைக்காக உமாஸி காத்து நின்றாள். ஞேவுவிடம் இல்லாத வசவா? பாம்பே, நரியே, திருடி முண்டமே, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"உக்காருங்க" என்றாள் ஞேவு. "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

கேலி முறைக்காரி மரியாதை கொடுத்தால் அதற்கு மேல் தண்டனை கிடையாது. உமாஸி தண்ணீர் குடிக்காமல் திரும்பினாள். கோனாவை அவன் பழைய குழியிலேயே நட்டார்கள். நடும்போது கள் ஊற்ற அவளை யாரும் கூப்பிடவில்லை.

தோயா அதற்கப்புறம் அவளிடம் பேசாமல் இல்லை. களி ஆறிப்போச்சு என்பான், போர்வையை இழுத்து விடு என்பான். அப்பா பேச்சை மட்டும் எடுக்க மாட்டான். ஒரு காலை உமாஸியே மனசு கேட்காமல் கேட்டாள்.

"அப்பா வந்தாரா அண்ணே?"

"வந்தா ஒங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு மத்தியானம் அவள் கொல்லையில் மரவள்ளிக் கீரை பறித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டான். பக்கத்தில் யாரும் இல்லை. கடைசியாக ஏதாவது சொன்னானா, கூப்பிட்டானா, தெரியாது. அவள் உள்ளே வந்தபோது கண் திறந்திருந்தது. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சாவு வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது, ஆனால் எல்லோரும் அழுதபடியே இருந்தார்கள். கேலி முறைக்காரர்கள் யாரும் வரவில்லை. நடந்தது ஊருக்கே தெரியும், யார் வருவார்கள்? சிரிக்க வைக்க ஆளில்லாமல் தோயாவை எப்படி எடுப்பது என்று செங்கோ தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் குச்சி தட்டும் சத்தம் கேட்டது.

ஞேவு யாரிடமும் பேசவில்லை. கொடியில் தொங்கிய தோயாவின் சட்டையைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டாள். வெற்றுக் கட்டிலில் ஏறிப் படுத்து, தோயா மாதிரியே இருமினாள். "கெங்கா, டேய் கெங்கா, கள்ளு வந்துச்சா? வரலியா? அப்ப நான் சாவல போ" என்றாள் அச்சு அசலாக அவன் குரலில். கூட்டத்தில் ஒரு பெண் பொத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி சிரித்தாள். கெங்காவும் அழுதுகொண்டே சிரித்தான். அதற்குப் பிறகுதான் பிணத்தைத் தூக்கினார்கள்.

எல்லாம் முடிந்து சட்டையைக் கழற்றிய ஞேவு, குச்சியைத் தட்டிக்கொண்டு உமாஸி உட்கார்ந்திருந்த மூலைக்கு வந்தாள். பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஏடி கம்பத் திருடி" என்றாள். "இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கேன். தண்ணி கேட்டாத்தான் குடுப்பியா?"

உமாஸி எழுந்து போய்த் தண்ணீர் மொண்டாள். பாதி வழியிலேயே சிந்திவிட்டது. மறுபடி மொண்டாள். குவளையை ஞேவுவின் கையில் வைத்துவிட்டு, அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்து, அண்ணன் செத்ததிலிருந்து அழாத அழுகையை அழுதாள். ஞேவு தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலி குவளையை அவள் தலையில் கவிழ்த்து வைத்தாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் எடுக்கவில்லை.

முவாரோ இன்றைக்கு வரைக்கும் வரவில்லை, கண்ணுகளா. அதற்கப்புறமும் பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு தடவையும் உமாஸி போய்ப் பார்த்தாள். இடுப்பில் கணு உள்ளவர் யாரும் இல்லை. எந்தக் கண்ணாடிக்குள், யார் யாருக்கு முன்னால் நிற்கிறாரோ. தோயா அந்தப் பக்கம் போய் அவரைப் பார்த்தானா, என்ன சொல்லிச் சமாளித்தான் என்பதையும் யார் வந்து சொல்வது? அவன் உமாஸியின் கனவில் ஒரு நாளும் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவள் சில நாள் நினைப்பாள். சில நாள் நினைக்க மாட்டாள்.

போதும், எழுந்திருங்கள். அடுப்பு உங்களுக்காகக் காத்திருக்கும். உங்கள் வீட்டுக் குடம் வற்றாமல் இருக்கட்டும், உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும். வெளியூர் போன உங்கள் பிள்ளைகள் போன காலோடு திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் கண் மூடுகிற யாரும் வாசலைப் பார்த்தபடி கண் மூடாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்தபடி கண் மூடட்டும்.